எந்தக் கணக்கில் பற்று?

விற்பதற்காகச் சொல்லப்படும் உண்மை, உண்மைதானா? பொய் சொல்லி விற்பதைப் பற்றி நமக்குக் குழப்பம் ஏதுமில்லை. அது பழைய விஷயம். சந்தையும் சட்டமும் அதற்குத் தோதான பதில்களை எப்போதோ தயார் செய்துவிட்டன. ஆனால் ஒருவன் தன் சரக்கைப் பற்றி உண்மையையே சொல்கிறான், அதிலும் தனக்குப் பாதகமான உண்மையைச் சொல்கிறான், சொல்வதன் மூலமே அதை விற்கவும் பார்க்கிறான் என்றால் அந்த வாக்கியத்தை எந்த வகையில் சேர்ப்பது? எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை வியாபாரிகளின் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. ‘உண்மையாக எழுதுகிறவன்’ என்ற பெயரைத் தவிர நம்மிடம் விற்க வேறு சரக்கு கிடையாது.

இதை யோசிப்பதற்கு அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்த இசைத்தட்டு விளம்பரங்களைப் போல வசதியான இடம் வேறில்லை. சோப்பு விற்கிறவன் சோப்பைப் படம் போட்டுக் காட்டலாம். துணி விற்கிறவன் துணியைக் காட்டலாம். இசையைத் தாளில் அச்சிட முடியாது. ஆகவே இசை விளம்பரம் எப்போதும் தன் சரக்கைத் தவிர வேறெதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். அது காட்டுகிற அந்த வேறு பொருள் என்ன என்பதில்தான் அதன் தர்மம், அதர்மம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆரம்பத்தில் அது காட்டியது இயந்திரத்தின் விசுவாசத்தை. கிராமபோன் குழலுக்குள் எஜமானின் குரலைக் கேட்டுத் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயை எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸிஸ் பராட் அந்தப் படத்தை முதலில் வரைந்தபோது நாயின் எதிரே இருந்தது வேறு ஜாதி இயந்திரம். உருளையில் ஒலி பதியும் போனோகிராஃப். 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்தபோது அதன்மேல் வண்ணம் பூசி, தங்கள் தட்டு இயந்திரத்தை வரைந்து தரச் சொன்னார்கள். பராட் வரைந்து கொடுத்தார். நாய் இடம் மாறவில்லை, அதன் நம்பிக்கையும் மாறவில்லை. நம்பிக்கையின் விஷயம் மட்டும் மாற்றப்பட்டது. விளம்பரக் கலையின் பிற்காலச் சரித்திரம் முழுவதற்கும் இந்த ஒரு காரியம் போதுமான முன்னுரை.

1910-களில் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி ஒரு பக்கத்தில் கரூஸோவை நிற்க வைத்து, பக்கத்தில் அவருடைய தட்டையும் வைத்து, இரண்டுமே கரூஸோதான் என்று விளம்பரம் செய்தது. தட்டில் உள்ள குரல் கரூஸோவைப் போல நிஜமான கரூஸோ என்பது அதன் வாதம். இது அதீதம். ஆனால் ஒரு விதத்தில் கண்ணியமான அதீதம். கேட்கிறவன் தட்டை வாங்கிப் போட்டுப் பார்த்து, இது கரூஸோ இல்லை, தகரத்துக்குள்ளிருந்து வரும் யாரோ என்று சொல்லலாம். விளம்பரத்தின் கூற்று சரக்கைப் பற்றியது. சரக்கைக் கொண்டே அதைப் பொய்யாக்கவும் முடியும். இந்த வசதி பின்னால் நமக்குக் கிடைக்கவில்லை.

1940 வாக்கில் கொலம்பியா கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் தட்டுகளின் உறைக்குச் சித்திரம் வரைய ஆரம்பித்தார். அதற்கு முன்பு பெரும்பாலும் பழுப்புக் காகிதம் போன்ற வெற்று உறைகள்தான். அதன் பிறகு உறையே ஒரு விளம்பரமாகிவிட்டது. 1948-ல் நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள் வந்தபோது, ஓரடிக்கு ஓரடி சதுரமான ஒரு நிரந்தர விளம்பரப் பலகை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பத்திரிகை விளம்பரம் இப்போது எதைக் காட்ட வேண்டும் என்று யோசிக்க அவசியமில்லை. உறையைச் சின்னதாக்கிக் காட்டினால் போதும். விளம்பரத்துக்குள் ஒரு விளம்பரம். 1960-களின் கடைசியில் இதற்கு ஒரு சம்பிரதாயமான வடிவமே அமைந்துவிட்டது. பக்கம் முழுவதும் ஒரு புகைப்படம், அல்லது வெறும் கறுப்பு. மேலே ஒரு வாக்கியம். கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு உறையின் படம். அதையொட்டிக் கம்பெனி முத்திரை, தட்டின் எண், தட்டாகவும் டேப்பாகவும் கிடைக்கும் என்ற ஒரு வரி. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளில் கூடுதலாகக் கச்சேரி நடக்கும் ஊர்களும் தேதிகளும். விமர்சகர்களின் வாக்கியங்களிலிருந்து மூன்று புள்ளி வைத்துப் பிய்த்தெடுத்த பெயரடைகள். எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது மனோபாவம். சின்ன எழுத்தில் இருப்பது வியாபாரம்.

இந்த வடிவத்துக்குள்தான் வார்னர் கம்பெனியின் ஸ்டான் கார்னின் புகுந்தார். வான் டைக் பார்க்ஸ் என்ற இளைஞரின் ‘ஸாங் ஸைக்கிள்’ 1967 கடைசியில் வெளிவந்தது. விமர்சகர்கள் சிலர் கொண்டாடினார்கள்; கடையில் ஓடவில்லை. அடுத்த ஆண்டு கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. வருஷத்தின் சிறந்த ஆல்பத்தில் நாங்கள் 35,509 டாலர் 50 சென்ட் நஷ்டப்பட்ட விதம் என்பது அதன் தலைப்பின் சாரம். கூடவே ஒரு செல்லச் சாபம். அடுத்து வந்த விளம்பரத்தில், தேய்ந்துபோன பழைய பிரதியையும் ஒரு சென்ட்டையும் அனுப்பினால் இரண்டு புதுப் பிரதிகள் தருவதாக அறிவித்தார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று தெரியாத நண்பருக்கு. ராண்டி நியூமனின் முதல் தட்டுக்கு அவர் குரல் பழகப் பழகத்தான் பிடிக்கும் என்ற பொருளில் விளம்பரம் வந்தது. அதுவரை எல்லாத் தட்டும் மகத்தானவை, எல்லாப் பாடகரும் அபூர்வமானவர்கள் என்றிருந்த பக்கங்களில், ஒரு கம்பெனி முதல் தடவையாக மனிதக் குரலில் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த 50 சென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது உடனே கண்ணில் படும். பேரேட்டில் 50 சென்ட் இருப்பதற்கு ஒரே காரணம், அது இல்லாவிட்டால் கணக்கு நேராகாது என்பதுதான். அதை யாரும் ரசிப்பதில்லை, ரசிப்பதற்காக எழுதுவதுமில்லை. விளம்பரத்தில் அதே 50 சென்ட் வேறு வேலை செய்கிறது. 35,000 டாலர் நஷ்டம் என்றால் அது பேச்சு. 35,509 டாலர் 50 சென்ட் என்றால் அது சாட்சியம். தொகை நிஜமாகவே இருக்கட்டும், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே அந்தச் சில்லறை இருப்பது கணக்கு நேராவதற்காக அல்ல, நாம் நம்புவதற்காக. ஒரே எண்தான்; ஓரிடத்தில் அது நேர்மை, மற்றோரிடத்தில் நேர்மையின் தோரணை. எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? பேரேட்டிலேயே இதற்கு ஒரு விதி இருக்கிறது. பற்று என்று ஒன்று எழுதினால் அது யாருடைய கணக்கில் என்று எழுதியாக வேண்டும். கணக்கின் பெயரில்லாத பற்று கிடையாது. இந்த விதியை வைத்துக்கொண்டு கார்னினின் விளம்பரத்தைப் படிக்கலாம். நஷ்டம் கம்பெனிக்கு என்று எழுதியிருக்கிறது. ஆனால் படித்து முடித்த வாசகன் மனதில் நிற்பது என்ன? நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் ஒரு பெருந்தன்மையான கம்பெனி. விற்காத தட்டைப் போட்ட ஒரு பார்க்ஸ். கம்பெனிக்கு வரவு, கலைஞனுக்குப் பற்று. பார்க்ஸுக்கு அந்த விளம்பரங்கள் பெரும் கோபத்தைத்தான் ஏற்படுத்தின. ஆரம்பத்திலேயே தன் வாழ்வைக் கெடுக்கிறார்கள் என்று அவர் கருதினார். அவருடைய கோபத்தை நகைச்சுவை உணர்ச்சி இல்லாமை என்று தள்ளிவிடக் கூடாது. உண்மை சொல்லப்பட்டது, சொன்னவர் வேறு, அதற்கு விலை கொடுத்தவர் வேறு. இதே கம்பெனி வட்டாரத்தில் ஜோனி மிட்செல்லின் தட்டுக்கு, அவர் 90 சதவீதம் கன்னி என்று தலைப்பிட்டு ஒரு விளம்பரம் வந்தது. எழுதியவருக்குக் குறும்புக்காரர் என்ற பெயர். குறும்பின் செலவு அந்தப் பெண்ணின் கணக்கில்.

கொலம்பியாவின் உதாரணம் இன்னும் தெளிவானது. 1968 கடைசியில் அந்தக் கம்பெனி இளைஞர்களின் எதிர்ப்புப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. லாக்கப்பில் நீண்ட முடியும் கோஷ அட்டைகளுமாகச் சில இளைஞர்கள். அவர்களைப் பிடித்தவனால் நம் இசையைப் பிடிக்க முடியாது என்பது வாசகத்தின் தாத்பரியம். பிடித்தவனைக் குறிக்க அவர்கள் உபயோகித்த சொல் அப்போதைய இளைஞர் கொச்சையில் போலீஸ், அரசு, மேலதிகாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பது. விற்கப்பட்டதோ நவீன சாஸ்திரிய இசைத் தட்டுகள். ‘நம் இசை’ என்ற அந்த ‘நம்’மை மட்டும் கவனித்தால் போதும். ஒரு பெரிய ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் கிளைக் கம்பெனி, சிறைக்குள் இருப்பவனின் தோளில் கைபோட்டு, நம் என்கிறது. அந்த வருஷம் சிகாகோவிலும் வேறு ஊர்களிலும் நிஜமாகவே மண்டை உடைந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆபத்து விளம்பரத்தில் கைமாற்றாக வாங்கப்பட்டிருக்கிறது.

கைமாற்று திரும்பி வந்ததா என்பதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. 1969 ஜனவரியில் எஃப்.பி.ஐ.யின் ஸான் பிரான்ஸிஸ்கோ அலுவலகம் தலைமையகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. கொலம்பியா கம்பெனி இந்தப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் கொடுத்து எதிரிகளுக்கு உதவுகிறது, அதை நிறுத்தச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம் என்பது யோசனை. அந்த ஆண்டிலேயே கொலம்பியாவின் விளம்பரங்கள் அந்தப் பத்திரிகைகளிலிருந்து விலகிப் போயின. குறிப்பினால் விலகியதா, விற்பனைக் கணக்கினால் விலகியதா என்பது என் வாதத்துக்கு அவசியமில்லை. இசையைப் பிடிக்க முடியாமல் இருக்கலாம். விளம்பரத்தைப் பிடிக்க ஒரு கடிதம் போதும், அல்லது ஒரு கடிதம்கூட வேண்டாம். விளம்பரத்தை நம்பி அச்சுக்கூலி கொடுத்துக்கொண்டிருந்த சின்னப் பத்திரிகைகள் தடுமாறின. பணம் ‘ரோலிங் ஸ்டோன்’ மாதிரி ஒழுங்குபட்ட பத்திரிகைகளின் பக்கம் போயிற்று. மறுபடியும், வாக்கியம் ஒருவருடையது, பற்று வேறொருவருடையது.

பேச்சில்தான் மோசம், மௌனமாக இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு கட்டத்தில் சிலருக்குத் தோன்றியது. 1971 நவம்பரில் வந்த லெட் ஸெப்பலினின் நான்காவது தட்டின் உறையில் குழுவின் பெயரில்லை, தட்டுக்குப் பெயரில்லை. பெயரில்லாமல் வெளியிடுவது தொழில்முறைத் தற்கொலை என்று எச்சரித்தார்கள், கேட்கவில்லை. பத்திரிகைகளின் அபிப்பிராயத்தால் புண்பட்டவர்கள், இசை தன்னாலே நிற்கட்டும் என்று நினைத்ததில் ஒரு பிடிவாதமான நேர்மை இருக்கிறது. ஆபத்து அவர்களுடையதேதான், அதை மறுக்க முடியாது. ஆனால் தட்டு வெளிவருமுன் இசைப் பத்திரிகைகளில் நான்கு பேருக்கான நான்கு குறிகளும் ஒவ்வொன்றாக, விளக்கம் ஏதுமில்லாமல், விளம்பரமாக வந்துகொண்டிருந்தன. பெயரின்மைக்கே ஒரு பெயர்ப்பலகை செய்தாகிவிட்டது. மௌனம் காசு கொடுத்து வாங்கிய பக்கத்தில் இருக்கும்போது, அது மௌனம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி இருந்தாக வேண்டியிருக்கிறது.

1978-ல் இதன் கடைசிப் படியையும் தாண்டினார்கள். எக்ஸ்.டி.ஸி. என்ற குழுவின் இரண்டாவது தட்டுக்கு ஹிப்னாஸிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்த உறையில் படமே இல்லை. கறுப்புப் பரப்பில் தட்டச்சு எழுத்துக்கள் மட்டும். இது ஒரு உறை, இந்த எழுத்து ஒரு டிஸைன், உன்னைக் கவர்ந்து வாங்க வைப்பதற்காக இப்படிச் செய்திருக்கிறது என்று உறையே நீளமாக விளக்குகிறது. தந்திரத்தைச் சொல்லிவிட்டதால் தந்திரம் போய்விட்டதா? போகவில்லை. சொன்னதே தந்திரம் என்பதையும் அந்த உறை தெரிந்து வைத்திருக்கிறது. இதைப் படித்துச் சிரிக்கிற வாசகன், தான் ஏமாறாதவன் என்ற எண்ணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறான். புத்திசாலிகளுக்கான சரக்கு என்று எழுதாமலே புத்திசாலிகளுக்கு விற்றுவிடலாம். இருந்தாலும் இந்த உறையிடம் எனக்குக் கோபம் வரவில்லை. இதன் கேலி வேறு எவர் தலையிலும் விடியவில்லை. கேலிக்காளாவது விற்கிறவனும் வாங்குகிறவனும்தான்.

எவர் தலையில் விடிகிறது என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976-ன் உதாரணம் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘பிளாக் அண்ட் புளூ’ தட்டுக்காக லாஸ் ஏஞ்சலஸின் ஸன்ஸெட் புலவாரில் ஒரு ராட்சசப் பலகை வைத்தார்கள். கட்டுண்ட, உடம்பெல்லாம் கன்றிப்போன ஒரு பெண். இந்தக் காயங்கள் அவர்களால் வந்தவை, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அவளே தன்மையில் சொல்வதாக வாசகம். இசைத்தட்டு விளம்பரத்தின் சம்பிரதாயங்கள் எல்லாம் இங்கே ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பில் சிலேடை இருக்கிறது, அதிர்ச்சி இருக்கிறது, இது விளையாட்டு, விஷயம் தெரிந்தவனுக்குப் புரியும் என்ற கண் சிமிட்டல் இருக்கிறது. ‘நான்’ என்று பேசும் சாட்சியமும் இருக்கிறது. அந்த ‘நான்’தான் விஷயம். அடிபட்டவளின் வாயில் அடித்தவனின் விளம்பர வாசகம். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பெண்கள் என்ற அமைப்பு கிளர்ந்தெழுந்தது, பலகை இறங்கியது. அதோடு விடாமல் வார்னர், எலெக்ட்ரா, அட்லாண்டிக் கம்பெனிகளின் தட்டுகளையே பகிஷ்கரித்தார்கள். 1979-ல் வார்னர் இத்தகைய படங்களை விளம்பரத்துக்கு உபயோகிப்பதில்லை என்ற கொள்கைக்கு ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் கலையை ஒழுக்கத்தால் அளந்தார்கள் என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அளந்தது கலையை அல்ல. பற்று யார் பெயரில் விழுந்திருக்கிறது என்று படித்துச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஆட்சேபணைக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் எந்த ஒப்புதலும் மிஞ்சாதே என்று கேட்கலாம். கவிஞனும் படிக்கப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறான். தன் தோல்வியை அவன் எழுதும்போது அந்தத் தோல்வி கவிதையாக ஜெயிக்க வேண்டும் என்றுதான் உழைக்கிறான். அவனுக்கும் கார்னினுக்கும் என்ன பேதம்? உத்தியில் பேதமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நோக்கத்தில் பேதம் என்று சொல்லித் தப்பிக்கவும் நான் விரும்பவில்லை. நோக்கங்கள் யாருடைய பேரேட்டிலும் பதிவாவதில்லை. பேதம் இருக்கிறதென்றால் இதில்தான்: சொன்ன வாக்கியம் திரும்பி வந்து சொன்னவனைப் பிடிக்க முடியுமா? என் நஷ்டம் என்று நான் எழுதினால், நாளை யாராவது அதை வைத்து என்னிடம் வசூலுக்கு வரக்கூடுமா? வரக்கூடுமென்றால் அது ஒப்புதல். வர முடியாதென்றால், அல்லது வேறொருவன் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள் என்றால், அது எவ்வளவு உண்மையான தொகையாக இருந்தாலும் விளம்பர வாசகம்.

இந்த அளவுகோலைக் கடல் தாண்டி உபயோகித்துவிட்டு உறையில் போட்டு வைப்பது நியாயமில்லை. முழுப்பக்க இசைத்தட்டு விளம்பரத்தின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இசை இப்போது கைப்பேசியில் வருகிறது. அந்தச் சதுரமான உறை நகமளவுக்குச் சுருங்கி அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நஷ்டத்தை அறிவிக்கும் கலை முடியவில்லை. அதை விடாமல் பேணி வருகிறவர்கள் சிற்றேட்டுக்காரர்கள். இந்த இதழ் தாமதமானதற்குப் பொருள்முடை காரணம், சந்தாக்கள் வரவில்லை, ஆனாலும் சமரசம் இல்லை, தொடர்ந்து வருவோம் என்ற குறிப்பு ஏதாவதொரு சிற்றேட்டில் எப்போதும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தமில்லாத அட்டை, அலங்காரமில்லாத எழுத்து, விளம்பரமில்லாத பின்பக்கம் எல்லாமே சம்பிரதாயங்கள். லெட் ஸெப்பலினின் பெயரில்லாத உறைக்கு இவை தூரத்து உறவு. நாங்கள் விற்பதில்லை என்பதைவிட நன்றாக விற்கும் வாசகம் இந்தச் சின்ன வட்டத்துக்குள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசகன் எதையாவது நம்பித்தான் சந்தா அனுப்ப வேண்டும்.

கேட்க வேண்டியது அந்த நஷ்டம் எந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும். ஆசிரியரின் சம்பளத்திலிருந்து போயிருந்தால் அந்தக் குறிப்பை எழுத அவருக்கு உரிமை இருக்கிறது. அதை அவர் கொஞ்சம் அழகாக எழுதிக்கொண்டாலும் குற்றமில்லை. ஆனால் அநேக சமயங்களில் சிற்றேட்டின் நஷ்டம் அச்சகத்தில் பாக்கியாக நிற்கிறது. அச்சு கோர்த்தவர் காலத்திலும் சரி, கணினியில் பக்கம் அமைக்கிறவர் காலத்திலும் சரி, கூலி அடுத்த இதழுக்கு, அதற்கடுத்த இதழுக்கு என்று தள்ளிப்போகிறது. பத்திரிகை நின்றுபோனால் அவர் கேட்பதையும் நிறுத்திக்கொள்கிறார். இலக்கிய சரித்திரத்தில் அந்தப் பத்திரிகை நஷ்டப்பட்டு மாண்ட தியாகமாகப் பதிவாகிறது. நஷ்டப்பட்டவருக்கு அந்தச் சரித்திரத்தில் இடம் கிடையாது. சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் அச்சகத்தின் பெயர் இருக்கும். அடுத்த தடவை ஒரு பத்திரிகையின் நஷ்டக் குறிப்பை நெகிழ்ந்து படிக்கும்போது, அந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.